மொட்டை டயர் மகாத்மியம்: பைக்குக்கு டயர் மாற்றப் பன்னிரண்டு படிகள்

மும்பையில் பைக் ஓட்டுகிறவருக்கு டயர் வாங்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தாராவி தொண்ணூறு அடி சாலையில் பிறந்து வளர்ந்தவரும், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருப்பவரும், போன மாதம் செம்பூருக்கு மாற்றலாகி வந்தவரும் ஒரே மாதிரிதான் வாங்குகிறார்கள். அதாவது, தப்பாக. ஆனால் தப்பிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். அரைகுறையாகத் தப்பு செய்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகச் சரியாகிவிடும். அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் இந்தப் பயிற்சி. வரிசையாகச் செய்யுங்கள். ஒரு படியையும் தாண்டாதீர்கள்.

1. ‘இன்னும் ஓடும்’ என்று சொல்லிப் பழகுங்கள்

டயர் தேய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க டயரிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக, பள்ளத்துக்குள் குட்டியாக ஒரு ரப்பர் மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமானால் அதன் ஆயுள் முடிந்தது. இந்த முக்கோணத்தைத் தேடவே தேடாதீர்கள்.

நின்றபடி, குனியாமல், பொழுது சாய்ந்த பிறகு பாருங்கள். பார்க்கும்போது ஓரத்தை மட்டும் பாருங்கள். நகரத்தில் நாம் வளைவதை விட நேராகப் போவதும் சிக்னலுக்குச் சிக்னல் நிற்பதும்தான் அதிகம். அதனால் நடுப்பகுதி சப்பையாகத் தேய்ந்திருக்க, ஓரங்களில் புது டயருக்கே உரிய சின்னச் சின்ன ரப்பர் முடிகள்கூட உதிராமல் நிற்கும். அந்த முடியில் ஒன்றை இழுத்துக் காட்டி, “பட்டன் அப்படியே இருக்கு பாரு” என்று வீட்டில் சொல்லுங்கள். இரண்டு மாதம் கிடைக்கும்.

2. மழை வரட்டும்

மும்பைக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரம் வரும். ஆண்டுதோறும் வருகிறது, காலண்டரிலும் போட்டிருக்கிறது. மே மாதம் டயர் கடையில் கூட்டம் இருக்காது. கடைக்காரர் நின்று பேசுவார். நாலு மாடல் எடுத்துக் காட்டுவார். ஆகவே மே மாதம் போகாதீர்கள்.

முதல் மழைக்குக் காத்திருங்கள். எட்டு மாதமாகச் சாலையில் சொட்டிய எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும் நாள் அது. வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, பேவர் பிளாக், மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு என்று வழுக்கக் கூடியதெல்லாம் ஒரே நாளில் ஒத்திகை முடித்துத் தயாராகிவிடும். கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் எதிரே தண்ணீர் தேங்கியதும் புறப்படுங்கள். யாராவது தடுத்தால், “2005 ஜூலை 26-லேயே ஓட்டினவன் நான்” என்று சொல்லுங்கள். அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. உங்கள் வண்டி அன்று ஸீட் வரை தண்ணீரில் அசையாமல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

3. நிபுணர்களைக் கலந்தாலோசியுங்கள்

உங்கள் வண்டிக்கு என்ன அளவு டயர், எவ்வளவு காற்று என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் செயின் கவர் பக்கம் ஒரு ஸ்டிக்கரிலும் இருக்கிறது. புத்தகம் பரணில் கிடக்கட்டும். ஸ்டிக்கர் மேல் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்கா கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். இடம் கிடைப்பதற்குள் குறைந்தது மூன்று நிபுணர்கள் அகப்படுவார்கள்.

“டயர் மாத்தணும் மாமா.”

“எம்.ஆர்.எஃப். போடு. சச்சின் பேட்டுல அதானே இருந்துச்சு.”

“உங்க வண்டியில என்ன மாமா போட்டிருக்கீங்க?”

“நான் டிரெயின்லதான்டா போறேன்.”

இதைவிட நடுநிலையான ஆலோசனை எங்கும் கிடைக்காது. எழுதிக்கொள்ளுங்கள்.

4. கம்பெனியை ஊர்ப்பாசத்தால் முடிவுசெய்யுங்கள்

மாமன் மாப்பிள்ளை 1946-இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய பட்டறைதான் எம்.ஆர்.எஃப். ஆகவே சென்னைக்காரர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா மதுரைக் கம்பெனி. வைகைத் தண்ணீர் குடித்தவர்கள் வேறு டயரைத் தொடலாமா? சியட் 1924-இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்து, 1958-இல் இந்தியா வந்து, பாண்டுப்பில் ஆலை போட்டது. மும்பையில் இத்தனை வருஷம் இருந்துவிட்ட பிறகு அதுவும் நம்மைப் போல வந்தேறிதான், நம்மைப் போலவே மண்ணின் மைந்தன்தான். வாக்குவாதத்தை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒரே அளவில் பல வகை டயர் செய்கின்றன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். ரப்பர் கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும், ஈரத்தில் பிடிப்பு குறையும். ரப்பர் மெதுவாக இருந்தால் ஈரத்தில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நாலு மாதம் மழையில் ஓட்டுகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். நீங்கள் கேட்க வேண்டியது: “எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” அவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்புங்கள். பிறகு நண்பர்களிடம் அதோடு ஐயாயிரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. பெரிதாகப் போடுங்கள்

பல்ஸர் 150-இன் பின் டயரில் 100/90-17 என்று இருக்கும். அகலம் 100 மில்லிமீட்டர். உயரம் அதில் 90 சதவீதம். ரிம் 17 அங்குலம். பக்கத்தில் 55 பி என்று இருந்தால், அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும், 150 கிலோமீட்டர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும் என்று பொருள். ரிம்முக்கும் எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் கணக்குப் போட்டு இந்த எண்ணைத் தீர்மானித்த பொறியாளர்களுக்கு ஸ்டைல் பற்றி ஒன்றும் தெரியாது.

140 போடுங்கள். குறுகிய ரிம் அகன்ற டயரைக் கவ்வும்போது டயரின் வளைவே மாறி நடு முதுகு தூக்கிக்கொள்ளும். தரையைத் தொடும் ரப்பர் கூடுவதற்குப் பதில் குறையும். செயின் கவரில் உரசும். மைலேஜ் இறங்கும். தாராவி சந்தில் எதிரே ஆள் வந்தால் முன்பு லாகவமாக வளைந்த வண்டி இப்போது யோசித்து வளையும். பரவாயில்லை, பின்னாலிருந்து பார்த்தால் சூப்பர் பைக். பின்னாலிருந்து யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பெஸ்ட் பஸ் டிரைவர் பார்க்கிறார். அவருக்குத் திருப்தி.

லடாக் போகும் எண்ணம் இருந்தால் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த மண்சாலை டயரை இப்போதே போட்டுவிடுங்கள். போவது எப்போது என்பது அப்புறம். அதுவரை சயானுக்கும் செம்பூருக்கும் நடுவே கான்கிரீட்டில் அது எழுப்பும் ஓசையைக் கேட்டு, எதிரே வருகிறவர்கள் விலகுவார்கள்.

6. பழைய சரக்கைக் கேட்டு வாங்குங்கள்

டயரின் பக்கவாட்டில், நீள்வட்டக் கட்டத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். 1819 என்றால் 2019-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. ரப்பருக்கும் வயதாகும். வெயிலில் தொங்கினால் இறுகும், நுண்ணிய விரிசல் விடும், பிடிப்பு போகும். பட்டன் முழுசாக இருந்தாலும் போகும்.

ஆகவே கடை வாசலில் கொக்கியில் தொங்கும் டயரைக் காட்டுங்கள். விளம்பரத்துக்காகப் பல வருஷம் வெயில் பார்த்த டயர் அது. கறுப்பு பாலிஷ் அடித்திருப்பார்கள், முகம் தெரியும். “தேதி என்ன?” என்று யாராவது கேட்டால் கடைக்காரருக்கு முன்னால் நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள்: “டயர் என்ன பால் பாக்கெட்டா, கெட்டுப்போக?” இந்த ஒத்துழைப்புக்கு அவர் நூறு ரூபாய் குறைப்பார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துவது.

7. முடிந்தால் புதிதே வாங்காதீர்கள்

தாராவியில் எதுவும் குப்பையாவதில்லை. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்குக்கு மறுபிறவி கொடுக்கிறார்கள். டயருக்கு ஏன் கூடாது? மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு கிழித்துத் தரும் கைகாரர்கள் உண்டு. நைலான் நூலுக்கு மேலே மிஞ்சியிருந்த கடைசி ரப்பரையும் கிழித்துத்தான் அந்தக் கோடு வருகிறது. வரட்டுமே, அழகாக இருக்கும். போலீஸ்காரர் பார்த்தாலும் பள்ளம் தெரியும். உள்ளே நூல் தெரிவது அவருக்கு அல்ல, உங்களுக்கு. அதுவும் டயர் வெடித்த பிறகு.

8. புது டயரில் பழைய ட்யூப்

ஸ்போக்ஸ் வீல் என்றால் ட்யூப் வேண்டும். ட்யூப்லெஸ் போட்டால் கம்பி துளை வழியே காற்று இறங்கிவிடும். அலாய் வீல் என்றால் பெரும்பாலும் ட்யூப்லெஸ். ஆணி ஏறினாலும் காற்று மெல்ல இறங்கும், வீடு வந்து சேரலாம். இதை நேர்மாறாகச் செய்ய முடியாவிட்டால் நடுவழி ஒன்று உண்டு: ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போடுங்கள். ஆணி ஏறியதும் காற்று பொசுக்கென்று போகும்.

அந்த ட்யூபையும் புதிதாக வாங்காதீர்கள். சில நூறு ரூபாய் மிச்சம். பஞ்சர் போட்டுப் போட்டு ஒட்டே தோலாகிவிட்ட உங்கள் பழைய ட்யூபை மடித்து உள்ளே திணிக்கச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் அது தானாகவே அடுத்த பஞ்சருக்கு ஏற்பாடு செய்துகொள்ளும்.

9. முன் டயரைத் தொடாதீர்கள்

பின் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது. ஆகவே முன் டயர் என்றைக்கும் நல்ல டயர். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறது என்றும், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான் என்றும் மெக்கானிக் சொல்வார். அவருக்கு டயர் விற்கிற ஆசை. இரண்டுக்கும் ஒரே அளவு டயர் போடும் வண்டி என்றால் இன்னும் நல்லது. பின்னால் தேய்ந்ததைக் கழற்றி முன்னால் மாட்டுங்கள். பின்னால் ஓய்வு பெற்றவருக்கு முன்னால் பதவி.

“ஏ.பி.எஸ். இருக்கே” என்று ஆறுதல் கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது அதன் வேலை. இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தருவது அதன் வேலை அல்ல. சாலையைத் தொடுவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளங்கை அகல ரப்பர்தான், ஏ.பி.எஸ்., பிரேக், உங்கள் இருபது வருஷ அனுபவம், பின் ஸீட்டில் மனைவி, டேங்க் மேல் பிள்ளை எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை யோசித்தால் தூக்கம் வராது. யோசிக்காதீர்கள்.

10. மாட்டும்போது அங்கே நிற்காதீர்கள்

சக்கரத்தைக் கழற்றியதும் எதிர்க்கடைக்குக் கட்டிங் சாயாவுக்குப் போய்விடுங்கள். நீங்கள் நின்றால் பையன் கவனமாகச் செய்துவிடுவான்.

நீங்கள் இல்லாதபோது நடக்க வேண்டியவை: பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகப் போக வேண்டும்; தண்ணீரை வெளியே தள்ள வெட்டிய பள்ளங்கள் அப்போது எதிர்முகமாகத் திரும்பியிருக்கும். நெம்பு கம்பி ரிம்மில் ஒரு தழும்பாவது வைக்க வேண்டும். ரிம்மை ஒட்டி டயரில் சுற்றிலும் ஓடும் மெல்லிய கோடு ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மறைந்திருக்க வேண்டும். டயர் சரியாக உட்காரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பின் சக்கர அச்சின் இரு பக்கமும் செயின் இழுக்கக் குறிகள் இருக்கும். இடது மூன்றாவது குறியிலும் வலது நான்காவது குறியிலும் நின்றால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் பார்த்தே போகும். வால்வ் பழையதே இருக்கட்டும்.

திரும்பி வந்து, “எல்லாம் ஓகேயா?” என்று மட்டும் கேளுங்கள்.

“ஏக்தம் ஓகே அண்ணா. சலேகா.”

இதற்கு மேல் உத்தரவாதம் உலகத்தில் இல்லை. பில் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் வாங்கினால் அந்தக் கணக்கு கண்ணில் படும், மனக்கசப்பு வரும். டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டால் கம்பெனியிடம் மாற்றிக் கேட்கவும் பில் வேண்டும். நாம் யாரிடமும் எதையும் கேட்கிறவர்கள் இல்லை.

11. காற்று, எலுமிச்சம்பழம், வேகம்

பல்ஸர் ரக வண்டிக்குக் காற்று முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் 28, ஆள் ஏறினால் 32. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் அளக்க வேண்டும். இத்தனை எண்ணை யார் நினைவில் வைப்பது? பங்க்கில் நின்று, “ஹவா டைட்டா அடி” என்று சொல்லுங்கள். டைட்டாக அடித்தால் மைலேஜ் வரும் என்று ஊருக்கே தெரியும். டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும் என்பது டயருக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செருப்புக் காலால் உதைத்துப் பாருங்கள். ‘டொம்’ என்றால் இருக்கிறது. ‘தொப்’ என்றால் நாளைக்குப் பார்க்கலாம்.

பிறகு செடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்ப் புது டயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுங்கள். நசுங்கினால் டயர் நல்ல டயர். நீங்கள் செய்யும் ஒரே பரிசோதனை இது என்பதால் பழத்தை நடுவில் வையுங்கள்.

புது டயரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டி, மெல்ல மெல்லச் சாய்த்து, அந்த வழவழப்பு போகவிட வேண்டும் என்பார்கள். நீங்கள் கோயில் வாசலிலிருந்தே நேராக ஹைவே ஏறுங்கள். புது டயர் போட்டதே எதற்கு?

12. வண்டியை உறவுக்குள் விற்றுவிடுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் வண்டியும் நீங்களும் முழுசாக இருந்தால், அடுத்த மே மாதம் விற்றுவிடுங்கள். மழைக்கு முன்னால் டயர் மாற்றும் செலவு வாங்குகிறவருக்குப் போகும். விளம்பரம் இப்படி: “ஒரே ஓனர். ஆபீஸ் போக வர மட்டும். டயர் 80 சதவீதம்.” எதில் 80 என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

வெளியாளுக்கு விற்றால் பேரம் பேசுவார். திருநெல்வேலியிலிருந்து தாதரில் வந்திறங்கி, ராத்திரியில் சாப்பாடு டெலிவரி செய்யப்போகும் அத்தை மகனுக்குக் கொடுங்கள். மழையில்தான் ஆர்டர் அதிகம், மழையில்தான் சம்பளம் கூட. அவனுக்கு வண்டி அவசரம். உங்களை “அண்ணே” என்று கூப்பிடுவான். விலை குறைத்துக் கேட்கக் கூச்சப்படுவான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊரில் பஞ்சர் கடையில் இரண்டு வருஷம் இருந்த பையனாக அவன் இருந்தால் ஜாக்கிரதை. வண்டியைச் சுற்றி வரமாட்டான், ஹாரன் அடித்துப் பார்க்கமாட்டான். நேராகப் பின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போன் விளக்கைப் போட்டு, கட்டை விரலால் மண்ணைத் துடைத்து நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு, “2019 சரக்கு அண்ணே. மாத்திட்டுத்தான் எடுப்பேன், காசைக் குறைச்சுக்கங்க” என்பான்.

அப்படிப்பட்டவனுக்கு விற்காதீர்கள். சொந்தத்தில் வேறு ஆளா இல்லை?